எல்லாருக்கும் ஒரே நாளில்

ஞாயிறு வழிபாடு முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் வெர்ஜில் அதைச் சொன்னான். வடமேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. நின்று பேசுகிற குளிர் இல்லை. ஆனாலும் நின்றான்.

"அந்த ஆளுக்காக எழுந்து நின்னு பேசறவன் தனக்குன்னு தனியா ஒரு மிஷின் வாங்கிக்கட்டும்."

அண்ணன் டெல்மரைப் பார்த்துச் சொல்லவில்லை. அண்ணன் மனைவி லவோனைப் பார்த்துச் சொன்னான். டெல்மர் இரண்டடி தள்ளி வண்டிக் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது. சுரண்டுவதை நிறுத்தவில்லை.

மிஷின் என்றால் மக்காச்சோளம் அறுக்கிற இயந்திரம். வீர்ஸ்மா சகோதரர்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். முதல் மிஷினை வாங்கி முப்பத்தொரு வருஷம் ஆகிறது. இப்போது ஓடுவது நான்காவது. ஒரு வருஷம் டெல்மரின் சோளம் முதலில் அறுபடும், மறு வருஷம் வெர்ஜிலுடையது. எழுத்தில் எதுவும் கிடையாது. அவர்கள் ஊரான நியூ ஹார்லிங்கனில் அண்ணன் தம்பிக்கு நடுவே காகிதம் வந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

காகஸ் கூட்டத்துக்கு எட்டு நாள் இருந்தது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை, ஜனவரியில் ஒரு திங்கள் மாலை, கட்சி யாரை ஜனாதிபதித் தேர்தலில் நிறுத்த வேண்டும் என்று நாட்டுக்கே முதலில் சொல்வது ஐயோவா மாநிலத்துக்காரர்கள்தான். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து பேசுவார். பிறகு வெற்றுச் சீட்டில் பெயரை எழுதிப் போடுவார்கள். இந்த முறை தேயருக்காகப் பேசுவதாக டெல்மர் கையெழுத்துப் போட்டிருந்தான்.

தேயர் மலைநாட்டு மாநிலம் ஒன்றில் இரண்டு முறை கவர்னராக இருந்தவர். மெலிந்த ஆள். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. டிசம்பரில் ஊருக்கு வந்திருந்தார். கூட்டுறவுக் கிடங்கில் உரமூட்டைகளை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். அரசின் கடனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அறுபது பேரும் தலையாட்டினார்கள்.

அதன் பிறகு கேள்வி. வேட்பாளர் யாராக இருந்தாலும் இந்த ஊரில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்கிற சட்டத்தைக் காப்பாற்றுவீர்களா, பயிர்க் காப்பீட்டுக்கு அரசு கட்டுகிற பங்கைத் தொடர்ந்து கட்டுவீர்களா. ஊர்க்காரர் ஒருவர் கேட்பார். வேட்பாளர் ஆமாம் என்பார். எல்லாரும் கைதட்டிவிட்டுக் காபிக்கும் கேக்குக்கும் எழுந்து போவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற ஜெபம் மாதிரி அது. பதில் தெரியாமல் யாரும் கேட்பதில்லை. அன்று கூட்டத்தை ஏற்பாடு செய்தவன் டெல்மர். அதனால் அவன் எழுந்து கேட்டான்.

"மாட்டேன்" என்றார் தேயர்.

கிடங்கின் தகரக் கூரையில் காற்று தட்டுவது கேட்டது.

"நாலு வருஷத்துல கொஞ்சங்கொஞ்சமா ரெண்டையும் நிறுத்திடுவேன். எங்க ஊர்ல மாடு மேய்க்கறவங்களுக்கு அரசாங்கப் புல்வெளி வாடகைய முதல் வருஷமே ஏத்தினேன். அவங்க என் சொந்தக்காரங்க. இன்னும் சில பேரு என்கூடப் பேசறதில்ல." அப்புறம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு டெல்மரிடம் கேட்டார்: "நிறுத்தினா உங்களுக்கு எவ்வளவு அடிபடும்?"

தேயர் காத்திருந்தார். டெல்மர் உட்கார்ந்துவிட்டான்.

அன்று கேக் மீந்துபோனது.

முன்வரிசையில் இருந்த வெர்ஜில் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனதை லவோன் பார்த்தாள். ஊருக்குத் தெற்கே இருக்கிற எத்தனால் ஆலைக்கு அவன்தான் நிர்வாகக் குழுத் தலைவன். இரண்டு வீட்டுச் சோளமும் அங்கேதான் போகிறது.

டெல்மர் பின்வாங்கியிருக்கலாம். ஊரில் யாரும் தப்பாக எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் கிடங்கின் காபி மேஜையில் முப்பது வருஷமாக அவன் பேசி வந்தது இந்த ஒன்றைத்தான். வாஷிங்டன் வரவுக்கு மேல் செலவு செய்கிறது, பேரன் தலையில் கடனை ஏற்றுகிறது. மேஜைக்காரர்கள் அவனுக்குக் 'கருவூலச் செயலர்' என்று பெயரே வைத்திருந்தார்கள். தேயர் வந்துபோன மறுநாள் அவன் காபிக்குப் போனபோது ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

லவோனுக்குப் பயம் மிஷினைப் பற்றி இல்லை. அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது டெல்மரின் அப்பாவும் பெரியப்பாவும் இருபத்தாறு வருஷமாகப் பேசாமல் இருந்தார்கள். சபை இரண்டாகப் பிரிந்தபோது ஆளுக்கொரு பக்கம் போனவர்கள். ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு தேவாலயம். மணி ஒரே நேரத்தில் அடிக்கும். மாமனார் இறந்த அன்று பெரியப்பா எதிர்ப்புற நடைபாதையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். தெருவைக் கடந்து வரவில்லை. எதற்காகச் சபை பிரிந்தது என்று லவோன் மூன்று பேரைக் கேட்டிருக்கிறாள். மூன்று பேரும் மூன்று காரணம் சொன்னார்கள்.

வியாழக்கிழமை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்குப் போனது. பன்றிக் கொட்டிலின் தண்ணீர்க் குழாய் இரண்டு இடத்தில் உறைந்தது. டெல்மர் சுடுகாற்றுக் கருவியைப் பிடித்துக்கொண்டு காலை முழுதும் தரையில் கிடந்தான். மத்தியானம் தாய்ப்பன்றி ஒன்று ஈனத் தொடங்கியது. இரண்டு குட்டி போட்டுவிட்டு நின்றுவிட்டது. லவோனின் கை சின்னது. எப்போதும் அவள்தான் கையை உள்ளே விட்டுக் குட்டியை எடுப்பாள். முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு மண்டியிட்டாள். டெல்மர் துண்டோடு பக்கத்தில் உட்கார்ந்தான். மடித்த காகிதம் ஒன்று அவன் மார்புப் பையில் இருந்தது.

"படிச்சுக் காட்டட்டுமா?"

"காட்டு. இவளும் கேக்கட்டும்."

"'அன்பார்ந்த நண்பர்களே...'"

"யாரு அந்த அன்பார்ந்த நண்பர்? வர்றதுல பாதிப் பேரு உன் பெரியப்பா பசங்க. மீதிப் பேருக்கு நீ டிராக்டர் இரவல் குடுத்திருக்க."

"பின்ன எப்படி ஆரம்பிக்க?"

"ஆரம்பிக்காமயே இரேன்."

டெல்மர் காகிதத்தை மடித்தான். பன்றி முனகியது. லவோன் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தேடினாள். குட்டி குறுக்கே கிடந்தது.

"ரெண்டு நாளா இருமற. தொண்ட கட்டிருச்சுன்னு, கூட்டத்த நடத்தற ஆர்டிஸுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்."

"இருமல் வேற, தொண்ட கட்டறது வேற."

"அந்த ஆளுக்கு இந்த ஊர்ல பத்து ஓட்டு விழுமா? நீ பேசலேன்னா என்ன, குடியா முழுகிடும்?"

"முழுகாது."

"அப்புறம் என்ன?"

"முப்பது வருஷம் கத்தியிருக்கேன். ஒருத்தன் நிஜமாவே வந்து நின்னு, சரி செய்யறேங்கறான். இப்ப நான் நழுவிட்டா, இத்தன நாள் பேசினதெல்லாம் காபி ஆறற வரைக்கும் பொழுதுபோக்குன்னு ஆயிடும்."

"சிக்கனம் வேணாம்னு யாரு சொன்னா? இந்தத் தடவ ஓட்டு கேட்டுப் பதினோரு பேரு வந்தாங்க. பதினோரு பேரும் செலவ வெட்டறேன்னுதான் சொன்னாங்க."

"சொன்னாங்க. யாரோட செலவ? அந்தக் கூடத்துல இல்லாதவனோடத. இங்க வந்தா நியூயார்க்குக்காரனோடத வெட்டுவான். அங்க போனா நம்மளோடத வெட்டுவான். எதிர்ல உக்காந்திருந்தவன் மூஞ்சியப் பாத்துச் சொன்னது இவன் ஒருத்தன்தான்."

"எதிர்ல உக்காந்திருந்தது உன் தம்பி."

லவோன் குட்டியின் பின்கால்களைப் பிடித்துவிட்டாள். வலி வரும்வரை பொறுத்திருந்து, வந்ததும் இழுத்தாள். குட்டி அசையவில்லை. வாயிலிருந்த சளியை விரலால் வழித்து டெல்மரிடம் கொடுத்தாள். அவன் தலைகீழாகப் பிடித்துத் துண்டால் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். அது ஒரு முறை தும்மியது. சூட்டு விளக்கின் கீழே மற்ற இரண்டோடு போட்டான்.

"மிஷின் போனா போவட்டும்" என்றாள் லவோன். "கடன உடன வாங்கி ஒண்ணு வாங்கிக்கலாம். மழை பேஞ்சு வேல நின்னா நம்ம சமையல்கட்டுல வந்து உக்காந்து, என் காபி குட்டைத் தண்ணி மாதிரி இருக்குன்னு சொல்ல எனக்கு ஒருத்தன் வேணும். அவன எந்தக் கடையில வாங்குவ?"

"எனக்கும்தான் வேணும்" என்றான் டெல்மர்.

அடுத்த குட்டி தானாகவே வந்தது.

அன்று மாலை வெர்ஜிலின் மனைவி ட்வைலாவே ஃபோன் செய்தாள். இரண்டு பெண்களும் வாரத்தில் நாலு நாள் பேசிக்கொள்கிறவர்கள். அந்த வாரம் அதுதான் முதல் தடவை. முதலில் குளிரைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் ட்வைலா, இன்னொரு வேட்பாளரான செனட்டர் மார்ஸ்டனுக்காக வெர்ஜில் பேசப் போவதைச் சொன்னாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசிப் பழகுகிறானாம். தண்ணீர் கட்டணம் இந்த மாதம் ஏறப்போகிறது என்றாள். லவோன், எங்கள் வீட்டில் கேட்பது பன்றிகள் என்றாள். இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

"மிஷினெல்லாம் ஒரு விஷயமே இல்ல லவோன்" என்றாள் ட்வைலா. "இவருக்குள்ள உறுத்தறது வேற. அண்ணன் தன்ன மட்டும் யோக்கியன்னும், தம்பி அரசாங்கத்துப் பாலக் குடிச்சே வளந்தவன்னும் நினைக்கறான்னு இவருக்குத் தோணுது. ராத்திரி சாப்பாட்டுல பாதி வெச்சுட்டு எழுந்துடறாரு."

என்ன நடந்தாலும் அன்றைக்குத் தாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருவது என்று பேசிவைத்துக்கொண்டார்கள்.

ட்வைலா சொன்னதை லவோன் டெல்மரிடம் சொல்லவில்லை. நாலு நாள் அதை வாயில் வைத்துக்கொண்டு திரிந்தாள். சொன்னால் தம்பியைச் சமாதானப்படுத்தத் தோதாக எதையாவது பேச்சில் சேர்ப்பான். அவனுக்கு நடிக்க வராது. ஊர் முன்னால் வெர்ஜில் அதைக் கண்டுபிடித்துவிட்டால் முன்பைவிட மோசமாகும்.

திங்கள் மாலை ஆறரைக்கே பள்ளி வளாகத்தில் வண்டிகள் நிறைந்திருந்தன. பாதி வண்டிகளை எஞ்சின் அணைக்காமல் விட்டிருந்தார்கள். கூடத்துக்குள் ஈரக் கம்பளி வாசனை. நீள மேஜைகளில் காபி, பன்றித்தொடை வைத்த ரொட்டி, யார் வீட்டிலிருந்தோ வந்த இனிப்புத் தட்டுகள். நூற்றுச் சொச்சம் பேர். டெல்மர் இடதுபுறம் பின்னால் உட்கார்ந்தான். வெர்ஜில் வலதுபுறம் முன்னால். லவோனும் ட்வைலாவும் நடுவில், கோட்டைக் கழற்றாமல்.

கூட்டத்தை நடத்தியது பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்டிஸ். கொடிக்கு உறுதிமொழி, ஜெபம், விதிகள். ஆளுக்கு ஐந்து நிமிடம். கூட்டத்திலிருந்து யாரும் கேள்வி கேட்கக் கூடாது, கைதட்டலாம், கேலி கூடாது. பேசும் வரிசைக்குச் சீட்டுக் குலுக்கினாள். வெர்ஜிலுக்கு மூன்றாவது, டெல்மருக்குக் கடைசி.

வெர்ஜில் நன்றாகப் பேசினான். அவனுக்கு எப்போதும் நாக்கு சுத்தம். கடன் குறைய வேண்டும், சந்தேகமில்லை என்றான். ஆனால் ஆலை வருவதற்கு முன்னால் இந்த ஊரில் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள் என்றான். மூடிய மளிகைக்கடை, ஒழுகுகிற பள்ளிக்கூரை, வேலை தேடி சூ ஃபால்ஸ் நகரத்துக்குப் போன பிள்ளைகள். மார்ஸ்டன் ஆலையைக் காப்பாற்றுவேன் என்கிறார், வரியையும் குறைப்பேன் என்கிறார். நம்மை அறிந்தவர், நம் பக்கம் நிற்கிறவர்.

"சிக்கனம் நல்லதுதான். அதுக்காக நம்ம கழுத்த நாமளே நீட்டணுமா?" என்று முடித்தான். பெரிய கைதட்டல். லவோனும் தட்டினாள். ஒரு முறைகூட அவன் இடதுபுறம் பார்க்கவில்லை.

டெல்மர் எழுந்து போய் நின்றான். கண்ணாடியை மாட்டினான். காகிதத்தைப் பிரித்து, 'அன்பார்ந்த' என்று தொடங்கிவிட்டு நிறுத்தினான். இருமினான். காகிதத்தை மேஜைமேல் வைத்தான். லவோன் மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"தேயர் பேசி நீங்க கேட்டிருப்பீங்க. தூக்கம் வரும். வந்தா தப்பில்ல. பேங்க்காரன் வாசல்ல நின்னு கூத்துக் காட்டினா நாம யாராவது உள்ள காசு போடுவமா?"

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"அவரு என்ன ஒண்ணு கேட்டாரு. நிறுத்தினா எவ்வளவு அடிபடும்னு. அன்னிக்கு எனக்குச் சொல்ல வரல. வீட்டுக்குப் போய் உக்காந்து பாத்தேன். கெட்ட வருஷத்துல ஏக்கருக்கு அறுபது டாலர். வலிக்கும். வலிக்காதுன்னு உங்ககிட்ட பொய் சொல்ல நான் வரல. ஆனா வெட்டறதுக்கு முன்னாடி எங்க வலிக்கும்னு கேட்டு, எழுதிக்கப் பேனாவ எடுத்தவரு அவரு ஒருத்தர்தான். கண்ண மூடிட்டு ஒரே வீச்சா வெட்டித் தள்ளறேங்கறவனும் இந்தத் தடவ வந்தான். அவன்கிட்ட நான் என் ஆப்பிள் மரத்தக்கூடக் கிளை வெட்டக் குடுக்க மாட்டேன்."

தண்ணீர் குடித்தான்.

"வரியக் குறைக்கறேன், எதையும் தொட மாட்டேன், கடனையும் அடைக்கறேன்னு ஒருத்தன் சொன்னா, அவனுக்குக் கூட்டல் கழித்தல் வரலேன்னு அர்த்தம். இல்லேன்னா நமக்கு வராதுன்னு நினைக்கறான். நம்ம கட்சிக்காரனா இருந்தாலும் அதான். இவரு நாலு வருஷங்கறாரு. பன்னிக்குத் தீவனம் மாத்தறதுன்னாலே பழசையும் புதுசையும் பத்து நாள் கலந்து குடுக்கணும். அது தெரிஞ்ச ஆளுன்னு படுது எனக்கு. அப்புறம், சொந்தக்காரங்ககிட்டதான் முதல்ல ஆரம்பிச்சாரு. அத நான் விசாரிச்சேன். அந்த ஊர் மாட்டுக்காரர் ஒருத்தருக்கு ஃபோன் போட்டேன். அரை மணி நேரம் தேயரத் திட்டினாரு. ஆனா சொன்னத செஞ்சான், சொல்லாதத செய்யலேன்னாரு."

இந்த முறை சிரிப்பு கொஞ்சம் அதிகமாக வந்தது. டெல்மர் மேற்கொண்டு என்ன சொல்வது என்று மேஜைமேலிருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"டெல்மர்."

வெர்ஜில் எழுந்து நின்றிருந்தான். காது சிவந்திருந்தது.

"வசந்தத்துல பயிர்க் காப்பீட்டுக்குக் கையெழுத்துப் போடுவியா, மாட்டியா?"

"கேள்வி கிடையாது வெர்ஜில்" என்றாள் ஆர்டிஸ். "விதியப் படிச்சேன் இல்ல."

"கேக்கட்டும் ஆர்டிஸ்" என்றான் டெல்மர்.

ட்வைலா லவோனின் கையைப் பிடித்தாள். கூடத்துக் கோடியில் குளிர்பதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்லிவிடப் போகிறான் என்று லவோன் நினைத்தாள். வீம்புக்குச் சொன்னாலும் சொல்வான். சொல்லிவிட்டால் அப்படியே செய்து தொலைப்பான். அப்புறம் தெருவுக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக நிற்க வேண்டியதுதான்.

"போடுவேன்" என்றான் டெல்மர்.

தம்பியின் பக்கம் முழுதாகத் திரும்பினான்.

"போன வருஷமும் போட்டேன். அதுக்கு முந்தின வருஷமும் போட்டேன். வந்த காசோல ஒண்ணு விடாம மாத்தியிருக்கேன். என் சோளம் உன் ஆலைக்குத்தான் வருது, நாளைக்கும் வரும். நான் உன்னவிட நல்லவன் இல்ல வெர்ஜில். நான் ஒருத்தன் மட்டும் வேணாம்னு விட்டா, வாங்கறவன் அந்தப் பணத்த வெச்சு என் குத்தகை நிலத்த என்னவிட அதிக வாடக குடுத்து எடுத்துடுவான். அவன் இடத்துல நான் இருந்தா நானும் எடுப்பேன். அதனாலதான் இங்க நிக்கறேன். எல்லாருக்கும் ஒரே நாளுல இல்லேன்னு சொல்ற ஒருத்தன் வேணும். எனக்கும் சேத்து. நம்மளால நமக்குள்ள அத சொல்லிக்க முடியல. முடிஞ்சிருந்தா இத்தன கடன் எங்கேர்ந்து வந்திருக்கும்?"

அவ்வளவுதான். டெல்மர் கண்ணாடியைக் கழற்றினான். வெர்ஜில் இன்னும் நின்றுகொண்டிருந்தான். உட்காருவதற்கு மறந்துபோனவன் மாதிரி இருந்தது.

"நேரம் முடிஞ்சு ஒரு நிமிஷம் ஆச்சு, கருவூலச் செயலரே" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூடம் முழுவதும் சிரித்தது. வெர்ஜில் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டான்.

"ஸ்..." என்றாள் ட்வைலா. பிடித்த கையை விட்டாள். லவோனின் விரல்களில் அவள் மோதிரம் பதிந்திருந்தது.

சீட்டு வந்தது. லவோன் முழங்காலில் வைத்து எழுதி மடித்தாள். பழைய பாப்கார்ன் வாளி ஒன்றில் வாங்கினார்கள். ஆர்டிஸும் இன்னும் இருவரும் எல்லார் கண்முன்னாலும் மேஜையில் பிரித்து அடுக்கினார்கள். மார்ஸ்டனுக்கு நாற்பத்தொன்பது. இன்னும் நாலு பேருக்கு ஆளுக்குக் கொஞ்சம். தேயருக்குப் பதினேழு.

டெல்மர் தலையை ஆட்டிக்கொண்டான். யாரோ வந்து அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். தோற்றவனைத் தட்டுகிற தட்டுதான்.

காலையில் பிள்ளைகள் அங்கே சாப்பிட வேண்டும். தரை காலியாகாமல் ஒருவரும் கிளம்ப மாட்டார்கள். நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். பெண்கள் தட்டுகளைக் கழுவினார்கள். நீள மேஜைகள் கனமானவை, இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். காபி மேஜையின் ஒரு முனையை வெர்ஜில் தூக்கினான். யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் தூக்கியிருக்க வேண்டும். மறுமுனையில் டெல்மர் குனிந்திருந்தான்.

லவோன் ஈரத்துணியோடு நின்றாள்.

இருவரும் மேஜையைக் கிடங்கு அறைக் கதவுவரை கொண்டுபோனார்கள். கதவு குறுகலானது. நேராக நுழையாது.

"உன் பக்கம் சாய்" என்றான் வெர்ஜில்.

"சாச்சுட்டேன்."

"இன்னும். கால மடக்குனியா?"

"மடங்க மாட்டேங்குது. உதை."

வெர்ஜில் உதைத்தான். கால் மடங்கியது. மேஜையை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். அடுத்த மேஜை. அதையும் இருவரே எடுத்தார்கள். மூன்றாவதைக் கொண்டுபோகும்போது வெர்ஜில் பேசினான். டெல்மரின் முதுகு மறைத்ததால் அவன் முகம் லவோனுக்குத் தெரியவில்லை.

"ஏக்கருக்கு அறுபதுங்கற. எனக்கு எழுபத்தஞ்சு வரும்."

"உன்னுது தண்ணி தேங்கற பள்ளத்து மண்ணு."

"நீ குடுத்த மண்ணுதான். பங்கு பிரிக்கறப்ப மூத்தவன் நீதானே முதல்ல எடுத்த."

"அப்பவே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

வெர்ஜிலின் தோள் குலுங்கியது. மேஜை கதவில் இடித்தது.

"அவன் ஜெயிக்க மாட்டான் டெல்மர். உன் ஆளு."

"மாட்டான்."

"ஜெயிச்சா நான் எதிர்ப்பேன். கடைசி வரைக்கும்."

"நீ எதிர்க்காம யாரு எதிர்ப்பா? உன் வேல அது."

அறைக்குள்ளே மேஜையைச் சுவரில் சாய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு வெர்ஜிலின் குரல், ஆலைக் கூட்டத்தில் பேசுகிற குரல்.

"மிஷினுக்கு ரெண்டு பெல்ட்டு மாத்தணும். பிப்ரவரிக்குள்ள கடையில ஆர்டர் சொல்லிட்டா தள்ளுபடி."

"சொல்லிடு."

"யார் பேர்ல?"

"எப்பவும் யார் பேர்ல சொல்லுவ?"

"வீர்ஸ்மா சகோதரர்கள்."

"அப்ப அப்படியே சொல்லு."

லவோன் துணியைப் பிழிந்தாள். பிழிய அதில் தண்ணீர் இல்லை. பக்கத்தில் ட்வைலா கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் கோட்டுப் பொத்தானைப் போடும்போது ட்வைலா மீந்த பாதாம் ரொட்டியை ஒரு டப்பாவில் போட்டு லவோனின் கையில் திணித்தாள். வெர்ஜில் வண்டியை நோக்கிப் போய்விட்டிருந்தான். போகிற போக்கில் நாளைக்கு மேலும் குளிரும் என்று சொன்னான். அது எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னது.

வண்டி உள்ளே சூடாவதற்கு மூன்று மைல் ஆயிற்று. சாலையின் குறுக்கே பனித்தூள் பாம்பு மாதிரி ஓடியது. டெல்மர் இருமிக்கொண்டே ஓட்டினான்.

"பதினேழு" என்றான். "பத்து வருமான்னு கேட்ட இல்ல?"

"கேட்டேன்."

"அதுல ஒண்ணு நீயா?"

"ரகசியச் சீட்டு அது. உனக்கெதுக்கு?"

அவன் தலையாட்டினான். அப்புறம், எழுதிய காகிதத்தைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். லவோன் தெரியும் என்றாள். காப்பீட்டைப் பற்றி வெர்ஜில் கேட்பான் என்று தான் நினைக்கவே இல்லை என்றான் டெல்மர். யோசிக்க நேரமில்லை, உள்ளது வாயில் வந்துவிட்டது. லவோன் அதற்கும் தெரியும் என்றாள். ட்வைலா சொல்லி நாலு நாளாக வாயில் வைத்திருந்ததை இப்போது சொல்லலாமா என்று யோசித்தாள். 'உன்னவிட நல்லவன் இல்ல' என்று கூடத்தில் அவனே சொல்லிவிட்டான், சொல்வதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

காலையிலிருந்து தான் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு டப்பாவைத் திறந்தாள். ஒரு துண்டு தின்றாள். இன்னொன்று தின்றாள். துகள் கோட்டில் உதிர்ந்தது. தட்டிவிடவில்லை. அப்படி ஒரு பசி. மூன்றாவதை எடுத்தபோதுதான் டெல்மர் கவனித்தான்.

"எனக்கு?" என்றான்.

பாதியை ஒடித்துக் கொடுத்தாள்.